கதவுக்குப் பின்னால் நிற்கும் குரல்

என் மகன் சினிமாவுக்கு டப்பிங் பேசுகிறவன். வில்லன்களுக்குக் குரல் கொடுத்தே தலை நரைத்துவிட்டது. நடிக்கத்தான் ஆசைப்பட்டான், முகம் எடுபடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முகவெட்டு என் பேரனுக்கு வாய்த்தது, கதாநாயகன் ஆனான். ஆனால் குரல் கீச்சென்று இருக்கிறது என்று இயக்குநர் அவனுக்கும் அப்பனையே பேச வைத்தார். படம் ஓடு ஓடென்று ஓடியது. அன்றிலிருந்து பேரன் வெளியே வாய் திறப்பதில்லை.

அடுத்த படம் வந்ததும் அப்பனிடம் கெஞ்சினான்.

"இதுக்கு நானே பேசிக்கிறேன்ப்பா. முடியாதுன்னு நீங்க சொல்லிட்டா அவங்க என்னையே பேச விட்டுருவாங்க."

"நீ பேசினா தியேட்டரே சிரிக்கும்டா" என்றான் மகன், தொண்டைக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டே.

நான் சும்மா இருப்பேனா? "சிரிக்கட்டுமேடா! நீ மட்டும் பிறந்தப்பவே கர்ஜிச்சியா? பூனைக்குட்டி மாதிரிதான் கத்தின!" என்றேன். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குள் வாசலில் ரசிகர்கள் கூடிவிட்டார்கள். பேரன் போய் நின்று கும்பிட்டான்.

"அண்ணே, படத்துல வர்ற அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லுங்கண்ணே!"

பேரன் திருதிருவென்று விழித்தான். பாதி திறந்திருந்த கதவுக்குப் பின்னால் போய் நின்ற என் மகன், தொண்டையைச் செருமிக் கணீரென்று சொன்னான்: "என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சே கிடையாது!"

பேரனின் உதடுகள் தாமாகவே அசைந்தன. வாசலில் ஒரே விசில், கைதட்டல்.

பேரன் உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். என் மகன் மட்டும், கைதட்டல் அடங்கும்வரை கதவைவிட்டு நகரவில்லை.