இரண்டு குழம்பு வீடு

ஒரே அறையில் இரண்டு மீன் குழம்பு ஒரே நேரத்தில் கொதித்தால் எப்படி மணக்கும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு என்னால் சொல்ல முடியும். ஒன்று, மாங்காய் போட்டு, பூண்டு தட்டிப் போட்டு, பக்குவமாக இறங்கும் அம்மாவின் சங்கரா மீன் குழம்பு. இன்னொன்று, புளியும் மிளகாய்த்தூளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் நைனாவின் குழம்பு. இரண்டுக்கும் நடுவே "கிருஷ்ணாயில்" ஸ்டவ்வின் புகை. ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் இருந்த வீட்டில், அந்த மணத்தில்தான் நானும் என் தம்பி சேவியரும் வளர்ந்தோம். சந்தில் எங்களுக்கு "ரெண்டு கொழம்பு வூடு" என்று பெயர். கேலிதான், ஆனால் பொய்யில்லை. இதை எழுத உட்காரும்போதே எனக்கு அலுப்புத் தட்டுகிறது; அந்த வீட்டை நினைத்தால் முதலில் வருவது பாசமோ கோபமோ இல்லை, அலுப்புதான்.

முதலில் எல்லாரையும்போல எங்களுக்கும் ஒரே குழம்புதான் இருந்தது. நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை, செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி, தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் மாதா படத்தின் முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை. செபமாலை முடிந்தால்தான் சோறு. நைனா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். நாளெல்லாம் அந்த இரும்புக் கூண்டில் உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதர், செபமாலை பாதி போவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார், ஆனால் பசி தாங்காமல் நாங்கள் ஒரு மணியைத் தாண்டிக் குதித்தால் மட்டும் எப்படியோ விழித்துக்கொண்டு, "இன்னா, சாமிக்கே டிமிக்கியா?" என்பார். பிறகு வலது கையால் நெற்றி, நெஞ்சு, தோள்களைத் தொட்டுச் சிலுவை போட்டு, சாப்பாட்டுச் செபம் சொல்லி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். நைனாவுக்கு மீன் தலை, சேவியருக்கு முள் நீக்கிய நடுத்துண்டு, எனக்கு வால். அம்மாவுக்குக் குழம்பு.

சேவியருக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. எங்கள் பக்கம் அப்போது கரித்தூள் பறக்கும். ஹார்பரில் கரிக் கப்பல் வந்தால், கொடியில் காயும் வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். மூடாமல் வைத்த தண்ணீரில் கறுப்பாக ஆடை படியும். அந்த நாட்களில் அவன் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பான். விலா எலும்பு உள்ளே போய் வெளியே வரும். அம்மா அவனை மடியில் சாய்த்துக்கொண்டு, கையில் செபமாலையோடு விடிய விடிய விழித்திருப்பாள். ஆஸ்பத்திரிக்கும் போனோம், வேண்டுதலுக்கும் குறைவில்லை. அந்தோணியாருக்கு அம்மா ஏற்றிய மெழுகுவத்தியை எல்லாம் உருக்கி ஊற்றினால் எங்கள் சந்துக்குத் தளமே போட்டிருக்கலாம்.

அம்மா ஒரு இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் வேலை பார்த்தாள். அங்கே அவளோடு வேலை பார்த்த எஸ்தர் அக்கா, தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் நடந்த பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் அம்மாவையும் சேவியரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். பாஸ்டர் அவன் தலையில் கை வைத்து வேண்டினார். அன்று அவன் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அம்மா தூங்கவில்லை, அவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு வெள்ளிதோறும் நைனாவுக்குத் தெரியாமல் போக ஆரம்பித்தாள். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அவளைக் காட்டிக்கொடுத்தது ஒரு எழுத்து. வெளியில் இருப்பவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒன்றுதான். உள்ளே எங்களுக்கு அப்படி இல்லை. நாங்கள் "செபம்" என்போம், அவர்கள் "ஜெபம்" என்பார்கள். நாங்கள் "ஆண்டவரே" என்று கூப்பிடும் இடத்தில் அவர்கள் "கர்த்தாவே" என்பார்கள். யார் எந்தக் கோயில் என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கம் விலாசம் கேட்க வேண்டாம். ஒரு வாக்கியம் வேண்டச் சொன்னால் போதும். ஒரு நாள் சாப்பாட்டின் முன் அம்மா சிலுவை போட்டாள், கண்ணை மூடினாள், "கர்த்தாவே, ஜெபத்தைக் கேட்டு..." என்று ஆரம்பித்துவிட்டாள். தன் வாயில் என்ன வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நைனாவின் கை தட்டிலேயே நின்றது.

"இன்னாமே சொன்ன? எங்க கத்துக்கின இத?"

அம்மா மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை தூங்கியதையும் சொன்னாள். நைனா சிரித்தார்; அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. "அந்த வாரம் கரிக் கப்பலே வர்லமே. கிரேன்ல ஒக்காந்துகினு கீறவன் நானு, எனக்குத் தெரியாதா? அதான் புள்ள தூங்குச்சு."

அதோடு விட்டிருந்தால் எங்கள் வீட்டில் ஒரே குழம்பு தொடர்ந்திருக்கும். ஆனால் எத்தனையோ நாள் தூக்கம் கெட்டவள் அம்மா. "அப்ப ஒனக்கே தெரியும் இல்ல? நீ எறக்குற கரிதான்யா எம்புள்ள நெஞ்சுல கீது" என்றாள்.

நைனாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் கத்தவில்லை. கையைத் தட்டிலேயே கழுவினார். அம்மா சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாள் என்ற பேச்சு பிறகு வந்தபோதுதான் வாயைத் திறந்தார். "எடுத்துக்க. ஆனா எடுத்தன்னா, உன் கையால பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டேன். மாதா மேல ஆணை." மதம், மாதா, குருசு என்று அவர் என்னவெல்லாமோ பேசினாலும், அவரைச் சுட்டது அந்தக் கரிப் பேச்சுதான் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா முழுக்கு எடுத்தால் வீடு இரண்டாகும் என்பதுதான். எடுக்கக் கூடாது என்று நான் மாதாவிடமும் வேண்டினேன். மாதாவிடம் வேண்டினால் அம்மாவின் சாமிக்குப் பிடிக்காதோ என்று பயந்து, கண்ணை மூடி அவரிடமும் தனியாக வேண்டினேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தாள். அந்தச் சபையில் நகை போடக் கூடாது; காதில் தோடு இல்லை, கையில் வளையல் இல்லை. நைனா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு ஸ்டவ்வும் அலுமினியச் சட்டியும் இருந்தன.

அப்படித்தான் இரண்டு குழம்பு வந்தது. பொழுது சாய்ந்ததும் ஒரு மூலையில் நைனா முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வார். இன்னொரு மூலையில் அம்மா நின்றபடி இரண்டு கையையும் உயர்த்தி, கண்ணில் நீர் வழிய ஜெபம் பண்ணுவாள். சிலுவை போடுவதை அவள் அடியோடு விட்டுவிட்டாள். நானும் தம்பியும் நைனாவோடு முழந்தாளிட்டு, முடிந்ததும் எழுந்து அம்மாவோடு நிற்போம். சாப்பாடும் அப்படியே. யார் குழம்பை விட்டாலும் அவர்கள் முகம் வாடிவிடும் என்பதால் இரண்டு பேரிடமும் சாப்பிடுவோம். அங்கே அரை வயிறு, இங்கே அரை வயிறு. சேவியர் கெட்டிக்காரன். நைனாவிடம் போகும்போது மட்டும், "கொஞ்சமா போடு நைனா, மூச்சு முட்டுது" என்பான்.

அம்மாவும் நைனாவும் நேரில் பேசுவதில்லை, எங்கள் வழியாகத்தான். ஆனால் சமையலில் கை பழகியவளுக்கு நைனா செய்யும் அட்டூழியத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "உங்க நைனா கைல சொல்லு, வஞ்சரத்துக்கு இவ்ளோ புளி ஊத்தினா மீனு அழுவும்." நான் திரும்பி அதையே சொல்வேன். "உங்கம்மா கைல சொல்லு, எனுக்குத் தெரியும்னு." அதையும் நான் திரும்பிச் சொல்வேன். மூவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் இருப்போம். ஒரு குழந்தை எவ்வளவு களைத்துப்போக முடியும் என்பதை அந்த மூன்றடி தூரத்தில் நான் தெரிந்துகொண்டேன்.

ஒரு முறை இதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பெரிய வெள்ளிக்கிழமை அன்று நைனாவுக்கு "ஒருசந்தி", அதாவது பகலில் ஒரு வேளைக் கஞ்சி மட்டும். அம்மாவுக்கு உபவாச ஜெபம். அதை முடிப்பதும் கஞ்சியில்தான். இரண்டு அடுப்பிலும் அதே நொய்யரிசி, அதே உப்பு, அதே கஞ்சி. நைனா சிலுவைப்பாதைக்கும் அம்மா சபைக்கும் போயிருந்தார்கள். நான் இரண்டு கஞ்சியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்து, நடுவில் வைத்து, நான்கு தட்டு போட்டேன். கஞ்சியில் என்ன கத்தோலிக்கம், என்ன பெந்தெகொஸ்தே? பிரித்து எடுக்க முடியாது என்று நம்பினேன்.

இருவரும் வந்தார்கள். பாத்திரத்தைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், வெகு நாளைக்குப் பிறகு அப்போதுதான் பார்த்துக்கொண்டார்கள். நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனுக்கு வேணாம் பாப்பா. இன்னிக்கு முழு ஒருசந்தி" என்றார். அம்மா, "நானும் நாளிக்குக் காலைலதான் உபவாசம் முடிக்கிறேன்" என்றாள். பட்டினி கிடக்க இருவருக்கும் சாமி ஒரு காரணம் கொடுத்துவிட்டார். அந்தக் கஞ்சியை நானும் தம்பியும் மறுநாள் வரை குடித்தோம். அதற்குப் பிறகு நான் எதையும் சேர்த்துவைக்க முயலவில்லை.

வருஷங்கள் போயின. சேவியர் வளர வளர இழுப்பு தானாகக் குறைந்தது. கரிக் கப்பல்களும் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டன. கர்த்தர் குணமாக்கினார் என்று அம்மா சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். நைனா அந்தோணியாருக்கு ஆளுயர மெழுகுவத்தி ஏற்றினார். சண்டைக்குக் காரணமான நோயே போய்விட்டது, ஸ்டவ் மட்டும் போகவில்லை. நான் கல்யாணமாகி மாத்தூருக்கு வந்துவிட்டேன், சேவியர் வெளிநாடு போய்விட்டான். எங்களுக்குப் பிறகு யார் வழியாக அவர்கள் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசியிருக்கவே மாட்டார்கள்.

இப்போது அந்த வீடு இல்லை. சந்தின் அந்தப் பக்கத்தையே இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். என் சமையலறையில் குழாயில் வரும் கேஸ். என் பிள்ளைகள் ஆளுக்கொரு நேரத்தில், போனைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். செபமும் இல்லை, ஜெபமும் இல்லை. நானும் சொல்வதில்லை, சின்ன வயதிலேயே இரண்டு பங்கு சொல்லித் தீர்த்துவிட்டேன்.

நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு இருவரையும் என்னோடு கூட்டிக்கொண்டு வந்தேன். பேச்சும் குழறிவிட்டது. காலையிலும் ராத்திரியிலும் நான் ஊட்டுவேன். மத்தியானம் நான் வேலையில் இருப்பதால் அம்மா. என்னிடம் சாப்பிடுபவர், அம்மா சோற்றை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோனால் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வார். "பச்சத்தண்ணி கூடன்னு ஆணை போட்டாரு இல்ல? கட்டையில போனாலும் அந்த ரோஷம் போவாது" என்று அம்மா என்னிடம் அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அந்த மனிதர் மேல் வெறுப்பே வந்தது.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மா சோற்றைப் பிசைந்து நீட்டினாள். நைனா வாயை மூடிக்கொண்டார். பிறகுதான் கவனித்தேன். போர்வைக்கு மேல் கிடந்த அவருடைய வலது கை, விரல் நுனி மட்டும், துடித்தது. தோள் குலுங்கியது. கை எழும்பவில்லை. அவர் கண் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அம்மாவை இல்லை. நான் ஊட்டும்போது, குழந்தைக்குச் செய்வதுபோல, பழக்கத்தில் அவர் நெற்றியில் ஒரு சிலுவை கீறிவிட்டுத்தான் முதல் வாயைக் கொடுப்பேன். அதை நானே நினைத்துச் செய்ததில்லை. சிலுவை போடாமல் நைனா வாழ்நாளில் ஒரு வாய் சோறு தின்றதில்லை. அதை இடக்கையால் போடவும் அவருக்கு மனம் வராது.

நான் சொல்வதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தாள். சோற்றுக் கையை முந்தானையில் துடைத்தாள். முழுக்கு எடுத்த நாளிலிருந்து சிலுவை போடாத என் அம்மா, நைனாவின் வலது கையை எடுத்து, அவர் நெற்றியில் வைத்தாள், பிறகு நெஞ்சில், பிறகு இடது தோளில், வலது தோளில். "பிதா, சுதன்" என்று எங்கள் கோயில் வார்த்தைகளையே, மெதுவாக, ஒன்றும் தப்பாமல் சொன்னாள். கரி இறக்கிய அந்தக் கையைக் கொஞ்ச நேரம் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். நைனா குழறிக் குழறி "ஆமென்" என்றார். வாயைத் திறந்தார்.

இப்போது தினமும் அப்படித்தான். என்னால் ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. "இதை அப்பவே செஞ்சிருக்கலாம் இல்லம்மா? நாங்க எவ்ளோ பட்டோம்?" என்று கேட்டேவிட்டேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாயை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவுரு கை நல்லா இருந்துச்சுடி. அதுவே போட்டுக்குச்சு. தள்ளு, சோறு ஆறுது."