கேட்காமல் ஏறிய கல்

கல்மரத்தின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. இன்றைக்குப் போனாலும் என் கண் முதலில் அங்கேதான் நிற்கும். வில்லியனூருக்கு மேற்கே, செம்மண் காட்டில், மரமே கல்லாகிக் கிடக்கும் இடம் அது. எங்களுக்கு அது தாய். பனையடியில் செருப்பை விட்டு, "வரலாமா தாயே?" என்று வாய்விட்டுக் கேட்டு, ஓலை அசையும்வரை நிற்க வேண்டும். மேலே மிதிக்கக் கூடாது. ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. அந்த இடத்தைப் பெருக்கி வந்தவள் என் அத்தை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சுத்தியலோடு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். மொழிபெயர்த்துச் சொல்ல எங்கள் பண்ணையார் மகனும் கூட வந்தார். அத்தை துடைப்பத்தோடு குறுக்கே நின்றாள். "சாமி, செருப்பக் கழட்டிட்டு, அம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு வரச் சொல்லுங்க." அவர் துரையிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். துரை தொப்பியைக் கழற்றி அத்தைக்குத் தலை வணங்கினார். பிறகு பூட்ஸ் காலோடு கல்லின்மேல் ஏறினார். சுத்தியலால் அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்த்த துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தார்.

"இன்னா சாமி சொன்னீங்க அவருகிட்ட?"

"வாங்க, வேணுங்கறத எடுத்துக்குங்கன்னு நீ சொல்றதா சொன்னேன். பின்ன, தொரைய செருப்பு கழட்டச் சொல்லவா? போடி!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. துரைக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் கழற்றியிருப்பாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றியவர்தானே. அத்தையின் வார்த்தையைக் கொண்டே தாயை உடைக்க வைத்தவன் இவன். இதுவரை 'அவர்' என்று எழுதினேனே, அது பழக்க தோஷம்.

அந்தக் கோடையில் அவன் பிள்ளைக்கு அம்மை போட்டது. மஞ்சள் நீர்ச் செம்போடு, வெறுங்காலோடு பனையடிக்கு வந்தான். வாய்விட்டுக் கேட்க அவனுக்குக் கூச்சம். "நீயே அம்மாகிட்ட கேட்டுச் சொல்லேன்" என்றான்.

"கேக்கறேன் சாமி. நீங்க சொல்றத அப்படியே சொல்லட்டா? இல்ல, அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி மாத்திச் சொல்லட்டா?"

அவன் செம்பைக் கீழே வைத்துக் கைகூப்பினான். "கொழந்த இன்னா பண்ணுச்சு" என்று அத்தை வழிவிட்டாள். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

இப்போது காரில் வருகிறார்கள். கல்லின்மேல் ஏறி நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சே வராது. போன வாரம் வந்துவிட்டது. "எறங்குங்க. கேட்டுட்டு வாங்க" என்றேன்.

"யாருகிட்ட கேக்கணும் ஆயா?" என்று ஒரு பெண் மேலே நின்றபடியே சிரித்தாள்.

நான் அவள் காலடியில் இருந்த பள்ளத்தைக் காட்டினேன்.