வெறுங்கழுத்து

இருதயமேரி காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தாள். ரத்தத்துணி அலசுவது, தரை துடைப்பது, வெந்நீர் சுமப்பது என்று காலையிலிருந்து மத்தியானம் இரண்டு மணிவரை உட்கார முடியாது. அத்தனை வேலையிலும் அவளுக்குப் பிடித்தது ஒன்றுதான். பிறந்த பிள்ளையைத் துடைத்து, பழைய வேட்டித்துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது. ஆணா பெண்ணா என்று அவள் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும்.

வீடு கோட்டுச்சேரியில். கணவர் சூசைராஜ் கொத்தனார். மரியசெல்வம் என்று ஒரே மகன். இரண்டு பக்கமும் பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசை, தவக்காலத்தில் சிலுவைப்பாதை, வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கு நடை. அவளுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

1975 மழைக்காலத்தில் டைபாய்டு வந்து, வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பதினெட்டு நாள் கிடந்தாள். ஒட்டிக்கொள்ளும் என்று தெருவில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. செல்வம்மாள் வந்தாள். தையல் தைத்துப் பிழைக்கிறவள், வேறு சபையின் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள். அதற்கு முன்னால் பழக்கம்கூடக் கிடையாது. தினமும் சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து வேதம் வாசித்தாள். ஒருநாள், பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் உடுப்பைத் தொட்ட கதை. கோயிலில் எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் வார்டில் ரத்தம் அலசுகிறவளுக்கு அந்தப் பெண் எவ்வளவு களைத்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வம்மாளுடன் போனாள். ஓட்டுவீட்டின் முன்னறையில் முப்பது பேர். பாஸ்டர் அற்புதராஜ் பிரசங்கத்தை மெதுவாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்வார். அடுத்த தை மாதம் அரசலாற்றில் முழுக்கு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

"நகை, பூ எல்லாத்தையும் விட்டுடணும் அக்கா" என்றாள் செல்வம்மாள். "தாலியும்தான்."

"அதுல சிலுவைதானே இருக்கு?"

"அது பொன்னுலதானே இருக்கு?"

அன்றைக்குச் சூசைராஜ் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, தாலியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். "நான் உசிரோடதானே இருக்கேன்?"

"நீங்க நல்லா இருப்பீங்க. இது ஆண்டவருக்காகச் செய்யறது."

அவர் சண்டை போடவில்லை. தாலியை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். அந்த வாரத்திலிருந்து மகனை அழைத்துக்கொண்டு பூசைக்குப் போனார். கல்யாணங்களுக்கு மட்டும் அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். "உன் கழுத்தைப் பாத்துட்டு, சூசைராஜ் செத்துப்போயிட்டாரான்னு கடைத்தெருவுல ஒருத்தன் கேட்டானாம்" என்று ஒருநாள் கை கழுவிக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் இரண்டு வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தாள். வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுகூட மனசுக்குள் பாட்டு ஓடும். பிறகு அது குறைந்தது. விசுவாசம் போய்விடவில்லை. மற்றவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

1979இல் பூவத்திலிருந்து பெரியநாயகி என்ற பெண் பிரசவத்துக்கு வந்தாள். விவசாயக் குடும்பம். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மாமியார் நீலாயதாட்சி வார்டு வாசலிலேயே இருதயமேரியை நிறுத்தினாள்.

"பிள்ளையை நீங்க தூக்கிட்டு வரவேணாம் ஆயாம்மா. சுமங்கலியா வேற யாராச்சும் கொண்டாரட்டும்."

"எங்க வீட்டுக்காரர் இருக்காருங்க."

"இருந்தா ஏன் இப்படி நிக்கிறீங்க?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. கூட்டத்தில் பலமுறை சாட்சியாகச் சொன்ன பதில். ஆனால் அன்றைக்கு நின்று நின்று கால் வீங்கியிருந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிள்ளை அழாமல் பிறந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை என்று நர்ஸ் அந்தப் பக்கம் ஓடினாள். இருதயமேரிதான் பிள்ளையின் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டி, மறுபடி தேய்த்து அழவைத்தாள். பெண் குழந்தை. துணியில் சுற்றி வாசல்வரை தூக்கிப் போனவள், அங்கே நின்று, கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்த இன்னொரு ஆயாவின் கையில் கொடுத்தாள். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் திரும்பிவந்து தரையைத் துடைத்தாள்.

வீட்டுக்குப் போகிற அன்று மாமியார் வண்டி பார்க்கப் போயிருந்தபோது, பெரியநாயகி குழந்தையை நீட்டினாள்.

"அத்தை சொன்னதை மனசுல வச்சுக்காதீங்கக்கா. செத்த நேரம் வச்சிருங்க."

வாங்கி வைத்துக்கொண்டாள். வாய்விட்டு ஜெபிக்கலாமா என்று யோசித்தாள். அதுவும் ஒரு வம்பாகிவிடும் என்று மனசுக்குள்ளேயே முடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "கர்த்தருக்காகப் பட்ட பாடு" என்றார்கள். இது கர்த்தர் கேட்ட பாடா, நாமாக இழுத்துக்கொண்ட பாடா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதன்பிறகு யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே பிள்ளைகளை மற்ற ஆயாக்களிடம் கொடுத்துவிடத் தொடங்கினாள்.

1984 ஆவணியில் திருவேட்டக்குடியில் ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த சூசைராஜ், மார்பு வலிக்கிறது என்று மணல்மேட்டில் உட்கார்ந்தார். வண்டி பிடித்து வருவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் பெண்கள் அவளைச் சூழ்ந்தார்கள். அந்தக் குடும்பங்களில் அப்போதுதான் தாலியைக் கழற்றுவார்கள். வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். சூசைராஜின் தங்கை சொன்னாள்: "எதைக் கழட்டுறது? அதான் எட்டு வருஷத்துக்கு முன்னாலயே கழட்டிட்டாங்களே."

இருதயமேரி பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் மற்றப் பெண்கள் எல்லாம் கதறுவதைப் பார்த்திருக்கிறாள். தான் கதறுவதற்கு ஓர் இடம் இல்லாமல் போய்விட்டதே என்று மட்டும் நினைத்தாள்.

பாஸ்டர் வந்திருந்தார். கோயில் வாசலில் அவளை ஓரமாக அழைத்து, "பூசைக்கு உள்ள போகவேணாம் சகோதரி, வெளியில நின்னு ஜெபிங்க" என்றார் தணிவாக.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த மகன் அதைக் கேட்டுவிட்டான். "அம்மா, அப்பா பக்கத்துல வந்து உட்காருங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் உள்ளே போய் மகனருகில் உட்கார்ந்தாள். எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டபோது அவள் கையும் தானாகப் பாதிவரை எழுந்தது. ஜெபக்கூட்டத்தில் அந்த வழக்கம் கிடையாது. மேலே கொண்டுபோவதா இறக்குவதா என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில் மூன்று கை மண் போட்டாள். தான் சாகும்போது அவர் பக்கத்தில் தனக்கு இடம் கொடுப்பார்களா என்று யாரையும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் போனாள். பாஸ்டர் கோபிக்கவில்லை. சாட்சி சொல்கிற நேரத்தில் அவள் பெயரைச் சொன்னார். எழுந்து நின்றாள்.

"அவரு என்னைத் தடுத்ததே இல்ல. ஒருநாளும் கை நீட்டினதில்ல. நான் இங்க வந்துட்டா சோறு போட்டுத் தின்னுட்டு, எனக்கும் எடுத்து மூடி வைப்பாரு."

யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"அவரு இரட்சிக்கப்படலைன்னு இங்க யாரும் எங்கிட்டச் சொல்லாதீங்க. அதைக் கேக்கற தெம்பு எனக்கு இல்ல."

உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பாட்டு ஆரம்பித்ததும் செல்வம்மாள் தன் பாயை விட்டு எழுந்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜெபிக்கட்டுமாக்கா?"

"வேணாம் செல்வம். சும்மா இரு."

செல்வம்மாள் சும்மா இருந்தாள். எல்லோரும் பாடி முடிக்கும்வரை இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.