நிற்காத அம்பு

படுக்கையறையிலிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மேலாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இதோ கூப்பிட்டுடுவார் மேடம். விஞ்ஞானி கடைசி ஆராய்ச்சியில இருக்கார்” என்றாள் அக்கா.

தங்கை கணவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவள் அவள்தான். மனிதர் பிழைப்புக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வீட்டுக்கு வந்தால் உலகத்தையே திருத்த உட்கார்ந்துவிடுவார். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் விசிலடிக்க ஒரு கருவி செய்தார். தொட்டி வழிந்து, மாடிப்படியெல்லாம் நனைந்த பிறகு, அது நிதானமாக விசிலடித்தது. அழைப்பு மணியில் ஐந்து ராகம் வைத்தார். ஐந்தாவது ராகத்தோடு மணி ஊமையானது. மேலாளர் அம்மா கதவைத் தட்டித்தான் உள்ளே வந்திருந்தார்.

அவர் மனைவியோ வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். பதினொரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் சுவரும் கதவும் ஜன்னலுமாக இழுத்து, வலது மணிக்கட்டு நரம்பு வீங்கிவிட்டது. ஆறு மாதம் மவுஸைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். மவுஸ் இல்லாமல் வரைந்து காட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்றது அலுவலகம். அதைப் பார்க்கத்தான் மேலாளர் அம்மா வந்திருந்தார்.

“மவுஸ் எதுக்கு? திரையில நகர்ற அம்பைக் கீபோர்டுலயே ஓட்டலாம்” என்று மார்தட்டியிருந்தார் விஞ்ஞானி. கீபோர்டு சிப்பில் இருந்த ப்ரோகிராமை அழித்துத் தன்னுடையதை ஏற்றினார். நாலு பட்டன், நாலு திசை. முதல் கீபோர்டில் ஒரு தட்டுக்கு அம்பு ஒரு சின்ன எட்டு வைத்தது. தவளை மாதிரித் தத்துகிறதே என்று அவருக்கே அருவருப்பு. அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு இன்னொன்று வாங்கினார். மெதுவாகக் கிளம்பி, வேகமெடுத்து, விரலை எடுத்த பிறகும் கொஞ்ச தூரம் மிதந்து அடங்கும்படி அம்பைப் பழக்க மூன்று மாதம் ஆனது.

“விரலை எடுத்தா நிக்கணுங்க. சுவர் மூலையில சரியா நிக்கணும்” என்று மூன்று முறை சொன்னாள் மனைவி.

“உனக்கு இதெல்லாம் புரியாதும்மா” என்று மூன்று முறையும் ஒரே பதில். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனதை அந்த மகானுபாவர் பார்க்கவில்லை. அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்க மேடம்” என்று ஒருவழியாகக் குரல் வந்தது. சமையலறையிலிருந்து மனைவியும் வர, மூவரும் போனார்கள். அவர் திரையில் வட்டமாக அம்பைச் சுற்றவிட்டார்.

“பாருங்க, வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது.”

“நல்லா இருக்கு சார். அவங்க வரையட்டும்.”

மனைவி உட்கார்ந்து இடது கையை வைத்தாள். அம்பு சுவர் மூலையைத் தாண்டி மிதந்தது. திருப்பினாள். இந்தப் பக்கம் தாண்டியது. நாலாவது முறை சமையலறைச் சுவர் குளியலறைக்குள் புகுந்தது.

“பழகணும் மேடம். ஒரு மாசத்துல கை வந்துடும்.”

“கட்டடம் ஒரு மாசம் காத்திருக்காது சார்” என்று மேலாளர் அம்மா கைப்பையை எடுத்தார்.

பதினொரு வருஷ உழைப்பு அந்தப் பையோடு வாசலைத் தாண்டப்போகிறது. மனைவி திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையசைத்தாள். மனைவி குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பழைய கீபோர்டை இழுத்து மாட்டினாள்.

“அது குப்பைம்மா” என்றார் விஞ்ஞானி.

“இருக்கட்டுங்க.”

தட்டு, தட்டு, தட்டு. அம்பு தத்தித் தத்திப் போய் மூலையில் நின்றது. விரலை எடுத்தாள், அசையவில்லை. சுவர் எழுந்தது. கதவு வந்தது. ஜன்னல் வந்தது. மெதுவாகத்தான், ஆனால் மயிரிழை பிசகவில்லை.

“எப்போ பழகினீங்க?” என்று மேலாளர் அம்மா மறுபடி உட்கார்ந்தார்.

“ரெண்டு மாசமா, இவர் வேலைக்குப் போனதும். அக்காவுக்கு மட்டும் தெரியும்.”

விஞ்ஞானி தொண்டையைச் செருமினார்.

“அந்த ப்ரோகிராமும் நான் எழுதினதுதான் மேடம்.”

“ஆமா மாப்பிள்ளை. நீங்க தூக்கிப் போட்டதுல உருப்படியானது அது ஒண்ணுதான்” என்றாள் அக்கா.

மேலாளர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவியின் தோளைத் தொட்டார். “திங்கட்கிழமையிலிருந்து வேலை அனுப்பறேன். கொஞ்சம் நேரமானாலும் பரவாயில்லை.”

மேலாளர் அம்மா செருப்பு மாட்டும்போதும் விஞ்ஞானி விடவில்லை. “அந்த மிதக்கிற வேகத்தை மட்டும் பாதியாக் குறைச்சா மேடம்...” அந்தம்மா படியிறங்கித் திருப்பத்தில் மறைந்த பிறகும் காலிப் படிக்கட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, இடது கையால் கதவைச் சாத்தினாள்.