டச்சுக்காரன் கணக்கில் போன என் சுவர்

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு அரிசி ஆலை, பெரியதாழையில் ஒரு ஐஸ் கம்பெனி, புன்னைக்காயலில் மாதா கோவிலுக்கு ஏறும் படிக்கட்டு, திருச்செந்தூர் ரோட்டில் இரண்டு கல்யாண மண்டபம். வீடுகள் எத்தனை என்று எனக்கே நினைவில்லை. எல்லாம் நான் கட்டியவை. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் இறைத்தேன். சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற காலம் அது. வரைபடம் வாசிக்கத் தெரியாத நான் கயிறும் தூக்குக் குண்டும் வைத்து மாடி ஏற்றினேன். பட்டம் வாங்கிய இஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்து, இது நிற்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். மாடி நிற்கிறது.

இப்படிப்பட்டவனைத்தான் என் மகள் ஓய்வெடுக்க அனுப்பினாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதைக் கொண்டாட, நாங்கள் இருவர் மட்டும் மார்கழிக் குளிரில் இரண்டு நாள் எங்காவது தங்க வேண்டும் என்று போனிலேயே அறை போட்டுவிட்டாள். எங்கே? தூத்துக்குடியில். எங்கள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். குளிரைத் தேடி ஊரெல்லாம் மலை ஏறுகிறது, எங்களை உப்பளத்துக்கு அனுப்பினாள். "சரித்திரப் புகழ் பெற்ற கடற்கரை நகரம்" என்று ஓட்டல் விளம்பரத்தில் போட்டிருந்ததாம். இளவயதில் ஆறு வருஷம் அந்தச் சரித்திரத்தில் நான் சாந்துச் சட்டி தூக்கியிருக்கிறேன்.

பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பங்களாவை ஓட்டலாக்கியிருந்தார்கள். முகப்பை இடித்து வாசலை வேறு தெருவுக்குத் திருப்பியிருந்ததால் எந்த பங்களா என்று எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே ஒரு வள்ளத்தைக் குறுக்கே அறுத்து மேசையாக்கியிருந்தார்கள். மீன் பிடிக்கப் போக வேண்டியது, ரிஜிஸ்தர் நோட்டைச் சுமந்துகொண்டு நின்றது. ஆட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுச் செவ்வந்திப் பூவை மிதக்கவிட்டிருந்தார்கள்.

"நம்ம வீட்டு ஆட்டுக்கல்லப் பழைய இரும்புக்காரன் கூட எடுக்க மாட்டேன்னான்" என்றாள் என் மனைவி. "இங்கன அதுக்குப் பூப்போட்டுக் கும்பிடுதாங்க."

"ஏளா, மெதுவாப் பேசு. நம்மளையும் பழசுன்னு பிடிச்சு மூலையில வச்சிருவான்."

குளியலறையில் பித்தளை வாளி ஒன்று வைத்திருந்தார்கள், பார்ப்பதற்கு. குளிப்பதற்கு ஷவர். குளிருக்காக வந்தவர்களுக்கு அறையில் ஏசி. உண்மையைச் சொன்னால் அந்த ஊரில் குளிர் அந்த மெஷினுக்குள் மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கியிருந்தவர்களை எல்லாம் கொல்லைப் பக்கம் அழைத்துப் போய் சரித்திரம் சொன்னார்கள். சொன்னது ஒரு பெண். கைத்தறிச் சேலை, கழுத்தில் முத்து மாலை. ("முத்து ஐதராபாத்து" என்று என் மனைவி காதில் சொன்னாள்.) எங்களோடு பெங்களூரிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடியும், மதுரையிலிருந்து ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசரும் அவர் வீட்டு அம்மாவும். கொல்லையின் கடைசியில் பத்தடி உயரத்தில் ஒரு சுவர். பூச்சு பாதி உதிர்ந்து, கடலில் வெட்டிய முருகைக்கல் பல்லைக் காட்டியது. பக்கத்தில் பித்தளைப் பலகை: "முத்துக் காவல் மதில்."

"டச்சுக்காரங்க கட்டினது" என்றாள் அந்தப் பெண். "கடல்ல எடுத்த முத்தெல்லாம் இதுக்குப் பின்னாலதான் பத்திரமா வச்சிருந்தாங்க. இந்த ஆறு ஓட்டையும் துப்பாக்கி வைக்கிறதுக்கு."

பெங்களூர்த் தம்பி ஒரு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தான். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மோட்டார் ரூம் தெரிந்தது.

எனக்கு ஓட்டைகளைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. என் மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் அடக்கவில்லை, சிரித்துவிட்டேன்.

"பாப்பா, அது சாரக் கம்பு சொருகுன ஓட்டை. மேல நின்னு வேலை பாக்கச் சாரம் கட்டணும்லா, அதுக்கு. வேலை முடிஞ்சா அடைக்கணும். நான் அடைக்கல. நாப்பது வருஷத்துக்கு முன்னால இந்தச் சுவரைக் கட்டினது நான்."

இது ஒரு சங்கு வியாபாரியின் பங்களா. குவித்து வைத்த சங்கின் சதை இந்தக் கொல்லையில்தான் அழுகிக் கழியும். அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டுப் பரதவரம்மா தினம் காலையில் வந்து நின்று, "ஒம்ம சங்கு நாத்தத்துல எம் பிள்ளைகளுக்குக் கஞ்சி எறங்கலவே" என்று கத்துவார். அதற்காக வியாபாரி எழுப்பச் சொன்ன சுவர் இது. முத்துக்குக் காவல் இல்லை, நாற்றத்துக்குக் காவல். நாற்றம் சுவர் ஏறித் தாண்டிப் போனது வேறு விஷயம். இதையெல்லாம் அங்கேயே சொன்னேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. நோயாளியிடம் பேசுவது மாதிரிப் பேசினாள். "அங்கிள், நாப்பது வருஷத்துச் சுவர் இப்படியா இருக்கும்? பூச்சு எப்படி உதிர்ந்திருக்கு பாருங்க."

பேங்க் ஆபீசர் சேர்ந்துகொண்டார். "அதானே. நல்ல மேஸ்திரி கட்டியிருந்தா நாப்பது வருஷத்துல இப்படி உதிருமா சார்?"

 

ஏன் உதிர்ந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் கடல் மணல் இருக்கிறது. உப்பு மணலில் பூசிய பூச்சு ஊறி, பூத்து, விழத்தான் செய்யும். கரண்டி பிடித்த எவனுக்கும் தெரிந்த பாடம். "என் பூச்சு உதிராது" என்பதுதான் எங்கள் தாலுகாவில் என் பேர். அதைச் சொல்லித்தான் நாற்பது வருஷம் வேலை பிடித்தேன். இப்போது வாயைத் திறந்தால் சுவர் எனக்குக் கிடைக்கும், பேர் போகும். மூடினால் பேர் நிற்கும், சுவர் டச்சுக்காரனுக்கு. மூடினேன். பெங்களூர் ஜோடி துப்பாக்கி ஓட்டை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

வராந்தாவில் காபி வந்தது. என் மனைவி விடவில்லை.

"ஆறு ஓட்டைக்கு வாய் தொறந்த ஆளு, பூச்சுக்கு ஏன் மூடிட்டிய?"

"என்னத்தச் சொல்ல? மொதலாளி அவசரப்படுத்துனாரு, அதனால..."

"மொதலாளியா? மழையில ஆத்து மணல் லாரி நின்னு போச்சு, ஒரு வாரம் பொறுங்கன்னவரு அவரு. பத்து நாள்ல கல்யாணம், முடிச்சிட்டுத்தான் ஊருக்குப் போவேன்னு நின்னது நீங்க. கடல் மண்ணக் கூடையில சொமந்தது நானு. கழுவணுமான்னு கேட்டேன்லா? தூத்துக்குடியில குடிக்கவே நல்ல தண்ணி இல்ல, மண்ணக் கழுவுதாளாம், கொட்டுளான்னு சொன்னிய."

அப்போது அவள் எங்கள் வேலையில் சித்தாள். எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண்ணும் அவள்தான்.

"முடிச்சமா இல்லியா?"

"எங்க முடிச்சிய? ஆறு ஓட்டையும் அப்படியே கெடக்க, பஸ் ஏறிட்டம். அதாவது போகட்டும். பெரியதாழையில கடல் மண்ணு கலந்தான்னு ஒரு கொத்தனாரை, எத்தனை பேரு முன்னால, என்ன பேச்சுப் பேசி வெரட்டுனிய!"

காபியை நான் குடிக்கவில்லை. அந்தக் கொத்தனாருக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். வேலையை விட்டு நிறுத்தியதோடு விடாமல், அவனை யாரும் கூப்பிடக்கூடாது என்று நாலு ஊரில் சொல்லியும் வைத்தேன். சங்கு வியாபாரிமேல் பழியைப் போட்டு வைத்திருந்ததால் இத்தனை வருஷம் எனக்கு உறக்கம் நன்றாக வந்தது.

காலையில் மேனேஜரைச் சுவருக்கு அழைத்துப் போனேன். அந்தப் பெண்ணும் கூட வந்தாள். கடல் மணல், கழுவாதது, அவசரம், எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சில் ஒரு சில்லு பெயர்த்து, "நாக்குல வச்சுப் பாரும்" என்றேன்.

மேனேஜர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "சார், தூத்துக்குடியில எந்தச் சுவரை நக்கினாலும் உப்புதான்."

கெட்டிக்காரப் பதில்தான். மூன்றாவது ஓட்டைக்குக் கீழே பூச்சை ரூம் சாவியால் சுரண்டினேன். அங்கே கல் சரியாக உட்காரவில்லை என்று அன்றைக்கு நான் திணித்து வைத்த கோலி சோடா புட்டியின் கழுத்து பச்சையாக எட்டிப் பார்த்தது.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. "சார், டச்சுக்காரங்க சோடா குடிச்சிருக்க மாட்டாங்கல்ல?"

மேனேஜர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துப் போனார். "அண்ணாச்சி," என்றார், அதுவரை சார். "போர்டு சென்னையில அடிச்சு வந்தது. மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. விருந்தாளிக இந்தச் சுவருக்காவத்தான் வாராங்க. மத்தியானம் வஞ்சிர மீன் சாப்பாடு நம்ம செலவு. இதை வெளிய சொல்லாதீங்க."

மீன் சாப்பாட்டுக்கு உட்காராமல் பதினொரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டோம். கிளம்பும்போது அறுத்த வள்ளத்தின் மேல் கிடந்த விருந்தினர் நோட்டில் எழுதினேன். எனக்கு எழுத்து வேகமாக வராது, ஒரு பக்கம் நிரப்ப அரை மணி ஆனது. அந்தப் பக்கத்தை அவர்கள் கிழித்துவிடுவார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அந்தப் பலகையைக் கழற்றுங்கள். புதிதாக ஒன்று அடியுங்கள். சங்கு நாற்றத்தை மறைக்கக் கட்டிய சுவர் என்று போடுங்கள். மண் சுமந்தவள் என் மனைவி, அவளுக்குத் தனி வரி வேண்டும். கழுவாத கடல் மணலில் பூசியவன் நான், ஓட்டையை அடைக்காமல் போனவனும் நான், இதே தப்புக்கு இன்னொருவன் பிழைப்பைக் கெடுத்தவனும் நான். மூன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள், எனக்கு வெட்கமில்லை. பேரை நான் வந்து தருகிறேன். டச்சுக்காரனுக்கு அந்தச் சுவரில் ஒரு கூடை மண்கூடப் பங்கு கிடையாது. நல்லதோ கெட்டதோ, அது என் வேலை. என் பேரில் எழுதுங்கள்.