அக்கா சொல்லி முடிக்காத வாக்கியம்

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபிறகு என் அக்காவுக்குக் குரல் இல்லை. மலேசியாவில் செமிலிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறாள். பேச வேண்டியதை டேப்லெட்டில் தட்டுவாள். அது வாசித்துச் சொல்லும். சென்னையில் செய்தி வாசிப்பவரைப் போல அவ்வளவு சுத்தமான பெண்குரல். அக்கா வேண்டுமென்றே 'வாங்க லா' என்று தட்டுவாள். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டே வரும் அந்த 'லா'வைக் குரல் தனியாக நிறுத்தி உச்சரிக்கும். லயத்து வீடுகளில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன வருஷம் அந்த டேப்லெட் அடிக்கடி உறைந்துபோக ஆரம்பித்தது. தட்டிய எழுத்து திரையில் வரவே நேரமாகும். சில சமயம் பாதி பேச்சில் அப்படியே நின்றுவிடும். மீதியைப் பக்கத்தில் இருப்பவர்கள் தாங்களே சொல்லி முடிப்பார்கள். அக்காவுக்கு அதைவிட வெறுப்பான விஷயம் வேறில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்ட நிர்வாகம் டிவானை உரக்கிடங்காக மாற்றிக்கொள்ளச் சம்மதம் கேட்டது. கல்யாணம், காரியம், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் நடக்கிற ஒரே மண்டபம் அது. குடியிருப்பாளர் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றாள். "இந்த டிவான் எங்களுக்கு" என்றது டேப்லெட். அதோடு நின்றுவிட்டது.

"எங்களுக்கு வேணாம்னுதான் சொல்ல வர்றாங்க. புரிஞ்சிருச்சு, ஒக்காருங்க அக்கா" என்றார் தலைவர். அக்கா தலையை ஆட்டி மறுத்தாள், மேசையைத் தட்டினாள். "கோவப்படாதீங்க, டேப்லெட் ரோசாக்காகி நின்னுட்டா நாங்க என்ன செய்றது?" என்று அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

'என் பேரைச் சம்மதம் பக்கம் எழுதிட்டாங்க' என்று அக்கா எனக்குச் செய்தி அனுப்பினாள். நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஓய்வுநேரத்தில் அதைப் படித்ததும் மறுநாளுக்கு விடுப்பு கேட்டேன்.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு சுங்கை பட்டாணியில் அவள் வழக்கமாகப் போகும் போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் திரையை நாலு தடவை தேய்த்துப் பார்த்தார்.

"பழசாயிருச்சு லா அக்கா. ஃபார்மட் பண்ணலாம், எல்லாம் அழிஞ்சிரும். புதுசு வாங்குறதுதான் நல்லது."

அக்கா டேப்லெட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அடிக்கடி தேவைப்படும் நூற்றுக்கணக்கான வாக்கியங்களை அவள் அதில் சேர்த்து வைத்திருந்தாள். வலியைச் சொல்ல, திட்ட, பேத்தியைக் கொஞ்ச, எல்லாவற்றுக்கும். அதை அழிக்கச் சொல்ல இவர் யார்?

"வேணாம்ணே, நாங்களே பாத்துக்கிறோம்" என்றேன்.

வெளியே வந்ததும் அக்கா ஒரு காகிதத்தில் எழுதினாள்: 'உனக்குத் தெரியுமா?'

"தெரியாதுக்கா. ஆனா பலகை வேல செய்யலன்னா எல்லாத்தயும் மாத்த மாட்டோம். ஒவ்வொண்ணா நிறுத்திப் பாப்போம். இதயும் அப்படிப் பாப்போம்."

அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். முதலில் டேப்லெட்டின் சேமிப்பு இடத்தைப் பார்த்தேன். நிரம்பி வழிந்தது. குடும்பக் குழுவில் வந்த காலை வணக்கப் பூக்கள், சாமி படங்கள், ஒரே பிறந்தநாள் வீடியோ ஏழு தடவை. அழித்தோம். கொஞ்சம் வேகம் வந்தது. பத்து நிமிஷத்தில் மறுபடி உறைந்தது.

அடுத்து சேஃப் மோடில் திறந்தேன். அதில் நாமாக ஏற்றிய செயலிகள் எதுவும் ஓடாது. அக்காவின் பேசும் செயலியும்கூட ஓடாது. ஆனால் திரை வழுக்கிக்கொண்டு போனது. அப்படியென்றால் டேப்லெட் கெடவில்லை. ஏற்றியதில் ஏதோ ஒன்றுதான் அதை அமுக்குகிறது. கடைசியாக வந்தவற்றிலிருந்து தேடினேன். 'வேகம் கூட்டும்' செயலி ஒன்று இருந்தது.

"இது யாருக்கா போட்டது?"

'திரைக்குக் கண்ணாடி ஒட்டப் போனப்ப கடைக்காரர்' என்று எழுதினாள்.

அழிக்கப் போனால் மறுத்தது. நிர்வாகி அனுமதியை முதலில் நீக்கு என்றது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு 'இங்கேயும் நிர்வாகமா?' என்று எழுதினாள். அனுமதியைப் பிடுங்கினேன், செயலியை எறிந்தேன், அணைத்துத் திறந்தேன். அக்கா மூச்சுவிடாமல் ஒரு பக்கம் தட்டினாள். ஒரு எழுத்துகூடப் பின்தங்கவில்லை.

கடைக்காரரைப் போனில் அழைத்துச் சொன்னேன். "எல்லாருக்கும் போட்டுக் குடுக்கிறதுதானே" என்றார். "இனிமே கேட்டுட்டுப் போடுங்கண்ணே" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். அக்கா எழுந்ததும் தலைவர் சிரித்தார். "போன தடவையே சொல்லிட்டீங்களே அக்கா."

டேப்லெட் முழுச் சத்தத்தில் பேசியது. "நான் சொல்லி முடிக்கவில்லை. இந்த டிவான் எங்களுக்கு வேண்டும். என் பெயரைச் சம்மதத்திலிருந்து எடுங்கள்."

"சரி, கேட்டுச்சு."

அவர் பேனாவை எடுக்கவில்லை. அக்கா மறுபடி அழுத்தினாள். அதே வாக்கியங்கள், அதே சத்தம்.

"கேட்டுச்சுன்னு சொன்னேன்ல!"

மறுபடி அழுத்தினாள். நான் போய் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தவில்லை. ஐந்தாவது தடவை அவர் பேனாவை எடுத்து அவள் பெயரை அடித்தார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "என் பேரயும் அடிங்க, என்னையும் கேக்காமத்தான் எழுதுனீங்க" என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னும் நான்கு பேர்.

சம்மதப் பட்டியலில் பெயர்கள் குறைந்ததும் நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் வந்து டிவானைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உரத்துக்கு வேறு இடம் பார்க்கிறோம் என்று வாயால் சொன்னார்கள்; எழுதித் தரவில்லை. கடிதம் கைக்கு வரும்வரை எல்லாக் கூட்டத்துக்கும் போவேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். நானும் லீவு கேட்டு வைத்திருக்கிறேன்.