முன்வரிசையில் மட்டும் பால்மா

அரைக் கடைக்கே போதாத சரக்கை வைத்து முழுக் கடையும் நிரம்பியிருப்பதாகக் காட்டுவது ஒரு தொழில். அதில் நான் கெட்டிக்காரன். பால்மா பக்கற்றுகளைத் தட்டின் விளிம்பில் ஒரே வரிசையாக, தோளோடு தோள் இடிக்கிற மாதிரி நிறுத்த வேண்டும். சாய்ந்துவிடாமல் இருக்க, பின்னால் வெறும் காட்போட் பெட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும். சவர்க்காரத்துக்கும் அப்படித்தான், பிஸ்கட்டுக்கும் அப்படித்தான். திறப்பு விழா முடிந்து பெரிய ஆட்கள் போன பிறகு லொறி வரும், பின்பக்கத்தை நிரப்பிவிடலாம் என்பார்கள். முதல் இரண்டு வருஷம் லொறி வந்தது.

எங்களுடையது ஊர் ஊராகப் பலசரக்குக் கடை திறக்கிற கம்பனி. அதன் பிரதான களஞ்சியம் பல்லேகலயில் இருந்தது. அங்கே எனக்குச் சரக்கு இருப்பு எழுதும் வேலை. புதுக் கிளை திறக்கிற வாரத்தில் எங்களில் நாலைந்து பேரை லொறியோடு அனுப்பிவிடுவார்கள். கண்டியைச் சுற்றி எந்தச் சின்ன டவுனில் பஸ் நின்றாலும் கம்பனியின் பெயர்ப்பலகை கண்ணில் பட வேண்டும் என்பது மேலிடத்தின் ஆசை. நான் சேர்ந்தபோது கிளைகளை விரல்விட்டு எண்ணலாம். பிறகு பிறகு, எத்தனை என்று யாராவது கேட்டால் தாளைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அந்தக் கம்பனியின் பங்குகளில்தான் அம்மாவுக்கு வேலை முடிந்து கிடைத்த சேமலாப நிதிப் பணம், அந்த ஈபிஎஃப் காசு முழுவதையும் போட்டிருந்தேன்.

அம்மா கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பள்ளியில் உயர்தர வகுப்பில் வர்த்தகம், பிறகு கண்டியில் கணக்கியல் டிப்ளோமா. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் எங்கள் லயத்தில், தோட்டம் கட்டிக்கொடுத்த அந்த வரிசை வீட்டில், பத்துக் காம்பராவுக்கும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அம்மா வேலையை விட்டு நின்று அந்தப் பணம் வங்கிக்கு வந்த மாதத்தில்தான் கம்பனியின் ஆண்டறிக்கையும் பளபளப்பான தாளில் வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படங்களை அம்மாவுக்குக் காட்டினேன்.

“பேங்குல கெடந்தா என்னாய்யா?” என்றார் அம்மா.

“பேங்குல கெடந்தா வெலவாசி தின்னுரும்மா. இது வளர்ற கம்பனி. நான் உள்ளுக்கே இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“நீ வாசிச்சுப் பாத்தியா?”

“முழுசா வாசிச்சேன்.”

“அப்ப சரி.”

வாசித்தேன் என்பது பொய்யில்லை. கடன் விவரம் இருந்த பக்கத்தையும் வாசித்தேன். கடன் வாங்காமல் எவன் கடை திறக்கிறான் என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் விலை ஏறத்தான் செய்தது. புதுக் கிளை அறிவிப்பு வரும்போதெல்லாம் ஏறியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் விலையைப் பார்ப்பது எனக்கு வெற்றிலை போடுகிற மாதிரிப் பழகிவிட்டது. அந்த நாட்களில்தான் தோட்ட ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. காம்பராவில் இருக்கிறவர்கள் யாரும் இப்போது தோட்டத்தில் வேலை செய்யாதபடியால், வருஷ முடிவுக்குள் அதை ஒப்படைக்க வேண்டும். அம்மாவுக்கு நானே வாசித்துச் சொன்னேன். அவர் பிறந்தது அதே லயத்தின் மூன்றாவது காம்பராவில். கடிதத்தை வாங்கி, மடித்து, அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “அதான் ஈபிஎஃப் காசு இருக்கே” என்றார்.

காணி ஒன்று தோதாக வந்தது. கம்பளையில் சீமெந்து, கம்பி விற்கிற முஸ்லிம் முதலாளி ஒருவருடையது. பஸ் பாதையோரம், தட்டையான நிலம், பத்து பேர்ச், ஒரு வீடும் முற்றமும் கொள்ளும். என் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை அட்வான்சாகக் கொடுத்தேன். அந்த வாரம் பங்குகளை விற்றிருந்தால் காணிக்குச் சரியாக இருந்திருக்கும். நான் விற்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் அத்திவாரத்துக்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். காரணத்தை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் இவ்வளவுதான் வருகிறது.

முதலாளி ஒருநாள் கேட்டார். “தம்பி, ஒங்கட மிச்சக் காசு எங்க இரிக்கி? பேங்குலயா?”

“பங்குல இருக்கு முதலாளி.”

“பங்கா? யாருட பங்கு?”

கம்பனியின் பெயரைச் சொன்னேன். அவர் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

“இந்தா, எங்கட கடைக்கு அங்கால கட்டினாங்களே, அதுக்கு எடுத்த சீமெந்துக் காசே எனக்கு இன்னம் வரல்ல. நீங்க அங்க பங்குகாரரா? அப்ப நீங்களே அதத் தந்துட்டுப் போங்க!”

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்து விலையைப் பார்த்தேன்.

களஞ்சியத்தில் என் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் இருந்தான். சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் காசோலை எழுதுவது அவன் வேலை. சில மாதங்களாக அவன் காசோலை எழுதியதை விட மன்னிப்புக் கேட்டதுதான் அதிகம். வாசலில் பருப்புக்காரன், சோப்புக்காரன், முட்டைக்காரன் எல்லோரும் காத்துக்கொண்டு நிற்பார்கள். இவன் பின்கதவால் சாப்பிடப் போவான்.

“நீ இன்னும் பங்கை வச்சிருக்கிறியோ?” என்று கேட்டான். “நான் போன மாசமே வித்திட்டன் மச்சான்.”

“ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“உனக்கோ? நீதானே எல்லாருக்கும் ஆண்டறிக்கை வாசிச்சுக் காட்டிறனி. ஐயருக்கே மந்திரம் சொல்லிக் குடுக்கச் சொல்லுறியோ?”

அதற்கடுத்த வாரம் கம்பனி ஒரு அறிவிப்பு விட்டது. விரிவாக்கத்துக்கு இன்னும் பணம் தேவை. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள், இரண்டு பங்குக்கு ஒன்று வீதம், குறைந்த விலையில் புதுப் பங்கு வாங்கிக்கொள்ளலாம். அறிவிப்பு வந்த அன்றே விலை சரியத் தொடங்கியது.

காலையில் கலஹாவிலிருந்து பேராதனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு ஒன்று, கண்டியிலிருந்து பல்லேகலவுக்கு இன்னொன்று. மூன்று பஸ்ஸிலும் அதே யோசனைதான். முதல் பஸ்ஸில், வைத்திரு என்று தோன்றும். சனத்துக்கு அரிசியும் சீனியும் வேண்டும், கடைகள் எங்கேயும் ஓடிப்போகாது, திறந்த கிளை எல்லாம் ஒருநாள் லாபம் தரத் தொடங்கும், இப்போது விற்றால் நட்டம் உறுதி. பேராதனையில் இறங்கும்போது, விற்றுவிடு என்று தோன்றும். பழைய கிளையில் விற்ற காசு பழைய கிளைக்குச் சரக்கு வாங்கவே போதவில்லை, அதற்குள் அடுத்த கிளைக்கு மண் வெட்டுகிறார்கள். கண்டியில் மூன்றாவது பஸ்ஸுக்கு நிற்கையில், கடன் வாங்கியாவது புதுப் பங்கையும் எடுத்துவிடலாம், சராசரி விலை குறையும் என்று தோன்றும். அந்தக் கடைசி யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. அடகுக் கடை வாசல் வரை போனேன். அம்மாவின் தோடு சட்டைப் பையில் இருந்தது. கடை திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்ததால் திரும்பி வந்தேன். எனக்குப் புத்தி வந்ததால் இல்லை.

அடுத்த கிளை கலஹா டவுனில் திறந்தது.

சரக்கு கம்பளைக் கிளையிலிருந்தும் திகனைக் கிளையிலிருந்தும் வந்தது. எனக்கு அது நன்றாகவே தெரியும். அங்கே தட்டுகளிலிருந்து இறக்கச் சொல்லித் தாள் எழுதியவனே நான். பெட்டிகளில் அந்தக் கிளைகளின் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து உரித்தோம். விழா அன்று காலை எட்டு மணிக்கு எல்லாத் தட்டும் நிமிர்ந்து நின்றது. மனேஜர் சேர் நடந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

ரிப்பன் வெட்டி அரை மணி நேரத்தில் அம்மா வந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலச் சேலை. கூடவே அடுத்த காம்பரா சித்தியும் வந்திருந்தார். இருவரும் சேர்ந்து கொழுந்து பறித்து, ஒரே வருஷம் வேலையை விட்டு நின்றவர்கள்.

“எங்க மகன் கம்பனிதான், பயப்புடாம வாங்க” என்று சித்தியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார் அம்மா. ஏதோ எல்லாம் தன் பெயரில் இருக்கிற மாதிரி.

நேரே பால்மாத் தட்டுக்குப் போனார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். அவர் ஒரு பக்கற்றை எடுத்தார். அந்த இடத்தில் வெறும் பெட்டியின் மண்ணிற முதுகு தெரிந்தது. அம்மா கையை உள்ளே விட்டார். பெட்டியைத் தொட்டார். அது சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்ந்தது. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பக்கற்றைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, பெயர் முன்னுக்குத் தெரிகிற மாதிரித் திருப்பி, பக்கத்தில் இருந்ததையும் கொஞ்சம் நெருக்கிவிட்டார். நான் செய்வது போலவே செய்தார். சித்தி பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

சித்தி எதையும் பார்க்கவில்லை. அவர் வந்த காரியமே வேறு.

“தம்பி, என்னோட ஈபிஎஃப்பும் சும்மாதான் கெடக்கு” என்றார். “ஒங்கம்மாவுக்கு வாங்கிக் குடுத்த மாதிரி எனக்கும் வாங்கிக் குடேன். இப்ப வெல கொறஞ்சி கெடக்காம்ல?”

விற்க நினைக்கிறவனுக்கு வாங்க ஓர் ஆள் வேண்டும். கம்பனி தேறினால் சித்தியும் என்னை வாழ்த்துவார். இரண்டும் மனதுக்குள் ஓடியது. ஆனால் அதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

“வேணாம் சித்தி.”

“ஏன்? நம்ம காசு செல்லாதா?”

“வேணாம். பேங்கிலேயே வைங்க.”

“ஓ! ஒங்கம்மா மட்டும் மொதலாளியம்மாவா இருக்கணும், நான் வந்து ஒங்க கடையில சீனி வாங்கணும். நல்லாருக்குய்யா ஒன் படிப்பு!”

சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அவளுக்கு வேணாம்னா, நமக்கு?”

பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டு. இலவச பிஸ்கட்டுக்கு வரிசை. நான் சாய்ந்திருந்த ஒரு பக்கற்றை நிமிர்த்தி வைத்தேன்.

“காசு இருக்காய்யா?” என்றார். “இல்லன்னா இல்லன்னு சொல்லிரு.”

“கொஞ்சம் இருக்கும்மா” என்றேன்.

திங்கட்கிழமை சந்தை திறந்ததும் களஞ்சியத்துக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் விற்கப் போட்டேன். கேட்ட விலைக்கு ஆள் இல்லை. குறைத்தேன். அதற்கும் இல்லை. இன்னும் குறைத்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, “உள்ளுக்கே குடியிருக்கியா?” என்று கத்தினார்கள். அன்று ஒரு பகுதி போனது, மறுநாள் இன்னொரு பகுதி, மூன்றாம் நாள் மிச்சம். வாங்கியது யார் என்று சந்தை சொல்வதில்லை. அவரும் யாராவது ஓர் ஆண்டறிக்கையை முழுசாக வாசித்தவராக இருக்கலாம். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுதாக வரவில்லை. போட்ட பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கைக்கு வந்தது.

அந்தப் பாதியோடு முதலாளியிடம் போனேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“தம்பி, பாதையோரத்துக் காணி இதுக்கு ஏலாது. ஒங்கட அட்வான்ஸ் அப்படியே இரிக்கி, வேணும்னா எடுத்துட்டுப் போங்க. அதுக்குக் கீழ, பள்ளத்துப் பக்கம் ஆறு பேர்ச் கெடக்கு. ஒங்களுக்காக இந்தக் காசுக்குத் தாரேன். நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. பொறவு என்னக் கொற சொல்லப்படாது.”

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதையிலிருந்து ஐம்பது அறுபது படி அளவுக்குச் சரிவு, மேலே ஒருவர் புதிதாக மண் வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய மண் சிவப்பாக, ஈரமாக, ஒன்றாலும் தடுக்கப்படாமல் அப்படியே நின்றது. கீழே சின்ன ஓடை. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். சரிவில் நிற்பது அவருக்குப் புதிதில்லை, நான்தான் இரண்டு தடவை வழுக்கினேன். அவர் எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல்லுக்கு நடந்தார். பிறகு நின்று, மேலே அந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பெரிய மழ வந்தா இது நிக்குமா?”

நான் பதில் சொல்வதற்காகத்தான் படிக்க வைக்கப்பட்டவன். கடிதம், விண்ணப்பம், மருந்துச் சீட்டு, ஆண்டறிக்கை, எதைக் காட்டினாலும் ஒரு பதில் சொல்லியிருக்கிறேன்.

“தெரியாதும்மா” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. அதைவிடக் கஷ்டமாக ஏதோ இருந்தது. என்னை முதல் தடவையாகத் தன் வயசு ஆளாகப் பார்க்கிற மாதிரி.

“யாருக்குத் தெரியும்?”

“மண்சரிவு பாக்குற ஆபீஸ் ஒண்ணு இருக்கு. எழுதிக் குடுத்தா வந்து பாப்பாங்க. நாள் எடுக்கும்.”

“தோட்டத்துல எது வரைக்கும் நாள் குடுத்திருக்காங்க?”

“வருஷ முடிவு வரைக்கும்.”

அவர் செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே ஏறத் தொடங்கினார். “அப்ப நாளைக்கே எழுது” என்றார்.